முருகன் காலடியில் ஒரு வரி

மாடிக்குத் தண்ணீர் கேன் தூக்கி வர முடியாது என்று எங்கள் தெருக் கடைக்காரர்கள் எல்லோரும் கைவிரித்துவிட்ட பிறகு, வேறு கடை தேடிப் படப்பை கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தேன். இடுப்பில் மகள், தோளில் பை, வெயில். அப்போது ஒரு கடையின் பலகை கண்ணில் பட்டது. கடையின் பெயர் ஓரமாகச் சின்ன எழுத்தில் இருந்தது. நடுவில் பெரிதாக இரண்டே சொற்கள்: ‘மாடிக்கும் ஏறுவோம்.’

நடுத்தெருவில் நின்று சிரித்தேன். என் மகளும் எதற்கென்று தெரியாமலேயே சேர்ந்து சிரித்தாள். சுத்தமான தண்ணீர், சுகாதாரமான தண்ணீர் என்று எழுதிய பலகைகளைத் தாண்டித்தான் வந்திருந்தேன். என் தலைக்குள் இருந்த கவலையை எடுத்து வெளியே எழுதி மாட்டியது இந்தக் கடை ஒன்றுதான். கேன் சொல்லிவிட்டு, பலகையை எழுதியது யார் என்று கேட்டேன்.

“மணிமங்கலத்துல ஒரு அக்கா கீதுங்க. காப்பிரைட்டர், வெளம்பரம் எழுதற வேல. வூட்லருந்தே எழுதிக் குடுக்கும். கோச்சுக்கினே எழுதும், ஆனா நல்லா எழுதும்” என்றார் கடைக்காரர்.

அந்த அக்காவின் போன் எண்ணை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னபோது அவர் ஷிப்ட் முடிந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். “காப்பி எழுததுக்கு ஒரு ஆளா? நீ பள்ளிக்கூடத்துல எழுதாத காப்பியாட்டி?” என்றார். கேலிதான். ஆனால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள், ஒரு நோட்டீஸ் எழுத இன்னொருவரை நாடுவதா? எண்ணை அழித்தேன். மறுநாள் தண்ணீர் கேன் வந்தபோது திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நோட்டீஸ் எதற்கு என்று சொல்ல வேண்டும். ஒரகடத்தில் எங்கள் வாடகை வீட்டின் கீழ்க்கூடத்தில் நான் ஒரு குழந்தைகள் காப்பகம் தொடங்கியிருந்தேன். சுவரில் யானை வரைந்தாயிற்று. பாய், தலையணை, பால் காய்ச்ச அடுப்பு, உதவிக்கு ஓர் ஆயா, எல்லாம் இருந்தன. குழந்தைகள்தான் இல்லை. சரியாகச் சொன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி என் மகள். இன்னொருவன் எதிர்வீட்டுப் பிள்ளை. அவன் காலையில் வருவான், யானையைப் பார்ப்பான், பசித்ததும் வீட்டுக்குப் போய்விடுவான்.

நான் முன்பு ஓர் உதிரிப்பாக ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். மகள் பிறந்த பிறகு அவளை விட இடமில்லாமல் வேலையை விட்டேன். இங்கே காப்பகங்கள் திறக்கும் நேரத்துக்கு முதல் ஷிப்ட் பஸ் போய், ஆலையில் பாதி வேலையே முடிந்திருக்கும். அதனால் என் காப்பகம் அந்த பஸ் வருவதற்கு முன்பே திறக்கும். பிள்ளையைத் தூக்கம் கலையாமல் தோளில் போட்டுக் கொண்டுவந்து அப்படியே பாயில் கிடத்திவிட்டுப் போகலாம். என்னைப் போல எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எங்கே இருந்தார்கள் என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் ஓர் ஏற்பாடு பேசி முடித்திருந்தோம். தீபாவளி வரைக்கும் பார்ப்பது. அதற்குள் கூடம் நிறையவில்லை என்றால் காப்பகத்தை மூடிவிட்டு நான் பழைய வேலைக்குத் திரும்புவது. மகள் தென்காசிப் பக்கம் என் நாத்தனார் வீட்டில் வளர்வது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நாத்தனார் தங்கமானவள், அவளுக்கும் அதே வயதில் ஒரு பெண் உண்டு. நானே சரி என்று தலையாட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டி வளர்ந்தவள் நான். ஆட்டிவிட்டுப் பிறகு குளியலறைக்குள் போய் யோசிப்பேன். நாத்தனார் என் மகளுக்காக ஒரு மூன்று சக்கர சைக்கிள் வாங்கி, அதைப் படம் பிடித்தும் அனுப்பிவிட்டாள். சிவப்பு சைக்கிள். அந்தப் படத்தைத் திறந்தால் உடனே மூடிவிடுவேன்.

இந்த நிலையில் என் கணவர் ஒரு நல்ல காரியம் செய்தார். அவர் வேலை பார்க்கும் ஆலையில் ஆயுத பூஜை அன்று குடும்பத்தோடு வரலாம். எல்லோருக்கும் பொரி, கடலை, இனிப்பு போட்டு ஒரு பை கொடுப்பார்கள். அந்தப் பையில் என் காப்பகத்தின் நோட்டீஸ் ஒன்றை வைத்துக்கொள்ள மனிதவளத் துறையில் பேசி அனுமதி வாங்கிவிட்டார். ஒரே தாள், இரண்டாக மடித்தது. இதைவிட்டால் அத்தனை பேர் கையில் ஒரே நாளில் என் காகிதம் போய்ச் சேர வேறு வழியே இல்லை.

முதலில் நானே எழுதினேன். ‘இன்றைய குழந்தைகளே நாளைய தூண்கள்’ என்று தொடங்கியது. பள்ளியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய கை சும்மா இருக்குமா. அதை மடித்து எடுத்துக்கொண்டு, மகளையும் தூக்கிக்கொண்டு, மணிமங்கலம் போனேன்.

அந்த அக்கா கோயில் மதிலுக்குப் பின்தெருவில் இருந்தார். பிறந்ததும் அந்தத் தெருவில்தான். நகரத்து விளம்பர நிறுவனங்களில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டிலிருந்தே எழுதுகிறார். “சிமெண்டுக்கு எழுதினேன்மா ரொம்ப நாளு. சிமெண்ட பத்தி சொல்றதுக்கு இன்னா கீது? கெட்டி. அத்த எத்தினி விதமா சொல்லுவ?” என்றார். என் தாளை வாங்கி முதல் வரியைப் படித்தார்.

“தூணுங்களா?”

“ஆமாக்கா. நாளைய தூண்கள்.”

“தூண யாரு கண்ணு காலங்காத்தால தோள்ல போட்டுக்கினு வருவாங்க?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிரிப்பு கொஞ்சம் முந்திக்கொண்டது. அவர் தாளை மடித்து என் மகளிடம் விளையாடக் கொடுத்துவிட்டுத் தன் நிபந்தனைகளைச் சொன்னார். பாதிப் பணம் முன்னால், மீதி வேலை முடிந்ததும். எழுதிக் கொடுத்த பிறகு இரண்டு தடவை மாற்றித் தருவார்.

“மூணாவது தடவ மாத்தணும்னா அது என் தப்பா இருக்காது. உன் பயமா இருக்கும். பயத்துக்கு நான் எழுத முடியாது” என்றார். “அப்புறம், சரின்னு சொல்றதுக்கு எனக்கு ஒரே ஆளு வேணும். யாரு அது?”

“நானும் எங்க வீட்டுக்காரரும்...”

“ஒருத்தரு.”

“நான்தான்க்கா.”

“இன்னா சொன்ன? கேக்கல.”

“நான்தான்” என்றேன் இன்னொரு தடவை. சொன்னதும் ஏதோ பதவி ஏற்றுக்கொண்டதைப் போல முதுகு நிமிர்ந்தது. அந்த நிமிர்வு எத்தனை நாள் நின்றது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று அவர் எழுதுவதைப் பற்றிப் பேசவே இல்லை. கேள்வியாகக் கேட்டார். யார் பஸ்ஸில் போகிறார்கள், எத்தனை மணிக்கு டீ, போனை உள்ளே கொண்டுபோக விடுவார்களா, பெண்கள் எந்த ஊர்க்காரர்கள் என்றெல்லாம். தெரிந்ததைச் சொன்னேன். கடைசியாக ஒன்று கேட்டார்.

“இவங்க புள்ளைங்கல்லாம் இப்ப எங்க கீதுங்க?”

எனக்குத் தெரியவில்லை. காப்பகம் நடத்த வந்தவள் இதை யோசிக்கவே இல்லை. வீட்டில் யாராவது பார்த்துக்கொள்வார்களாக இருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். “இருக்கும்னா வேலைக்கு ஆவாது. பஸ் நிக்கிற எடத்துல போயி நில்லு. எறங்கறவங்க கிட்ட இத ஒண்ணுதான் கேக்கணும். காப்பகத்த பத்தி வாயே தொறக்கக் கூடாது. கேட்டுக்கினு வந்து சொல்லு.”

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும் இடத்தில் மகளோடு போய் நின்றேன். முதல் நாள் யாரிடமும் பேசாமல் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் நாள் என் வேலையை மகள் செய்தாள். என் கணவரின் ஆலைச் சீருடை போட்ட ஒரு பெண்ணின் அடையாள அட்டைக் கயிற்றை எட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அந்தப் பெண் கோபப்படவில்லை. கயிற்றைப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எம்மவனும் இப்பிடித்தான், எதப் புடிச்சாலும் விட மாட்டான்” என்றாள்.

“பையன் இப்போ எங்கே இருக்கான்?” என்றேன். வாய்தான் கேட்டது, மனம் இன்னும் தயாராகவில்லை.

“ஊர்ல. சங்கரன்கோயில் பக்கம். எங்க அக்காட்ட விட்டிருக்கேன்.” போனை எடுத்துக் காட்டினாள். முகப்பில் பல்லில்லாத ஒரு சிரிப்பு. “இது பழசு. இப்ப பல்லு வந்துட்டு. வீடியோல காட்டுனா. லைன்ல போன் கூடாதுல்லா, டீ டைம்ல லாக்கருக்கு ஓடிப் போயி பாக்கது.”

அதற்குப் பிறகு எனக்குக் கூச்சம் போய்விட்டது. பிள்ளை பெற்றவர்கள் என்று தெரிந்த ஒவ்வொருவரையும் கேட்டேன். ஊர்ல. ஊர்ல, அண்ணி வீட்டுல. ஊர்லதான், பள்ளிக்கூடம் சேக்கும்போது கூட்டிட்டு வரலாம்னு. அந்த ஒரு சொல்லே திரும்பத் திரும்ப வந்தது. நான் இத்தனை நாள் ஒரகடத்தில் வீடு வீடாகத் தேடிய குழந்தைகள் இங்கே இல்லவே இல்லை. அவர்கள் ராத்திரி பஸ் போய்ச் சேரும் ஊர்களில் இருந்தார்கள். என் மகளும் அந்த வரிசையில் போய்ச் சேரத்தான் சிவப்பு சைக்கிள் காத்துக்கொண்டிருந்தது.

மணிமங்கலத்துக்கு போன் போட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சைக்கிளையும் சேர்த்துத்தான் கொட்டினேன், அதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை.

“இத்த மொதல்ல சொல்லியிருந்தா பஸ் ஸ்டாப்புக்கே அனுப்பியிருக்க மாட்டேனே” என்றார். பிறகு, “இல்ல, அனுப்பியிருப்பேன். நல்லதுதான்” என்றார்.

மூன்றாம் நாள் அக்கா எழுதியது வாட்ஸப்பில் வந்தது. படம் கிடையாது, பூ கிடையாது.

‘ஊர்ல இருக்கிற பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. ஷிப்ட் முடியுற வரைக்கும் நாங்க பார்த்துக்கிறோம்.’

அதற்குக் கீழே சில வரிகள். முதல் பஸ்ஸுக்கு முன்பே திறந்திருக்கும். தூங்குகிற பிள்ளையைத் தூங்கியபடியே வாங்கிக்கொள்வோம். அம்மா மாதிரிப் பார்த்துக்கொள்வோம். பிறகு என் போன் எண்.

படித்ததும் எனக்கு ஏதோ போல இருந்தது. ‘நன்றாக இருக்கிறது, ஆனால் ஏதோ குறைகிறது’ என்று பதில் போட்டேன். உடனே போன் வந்தது.

“ஏதோ குறையுதுன்னா நான் இன்னா பண்றது? மூணு விஷயம்தான் சொல்லலாம். எது புரியல, எது பொய்யி, எது உனுக்கு வெக்கமா கீது. எது?”

யோசித்தேன். இப்படி யாரும் என்னை யோசிக்கச் சொன்னதில்லை. “அம்மா மாதிரிங்கிறது பொய்க்கா. நான் அம்மாதான், ஆனா அந்தப் பிள்ளைகளுக்கு இல்ல. அவங்க அம்மாவுக்கு அது தெரியும்.”

“தூக்கிட்டேன். அப்புறம்?”

“பேச்சுத்தமிழ்ல அச்சடிச்சா... படிக்காதவங்க நடத்துறாங்கன்னு நினைப்பாங்களோன்னு.”

“அது வெக்கம். அது அப்பிடியே இருக்கட்டும். ‘அம்மா மாதிரி’ போன எடத்துல இன்னா வெக்கலாம்? நெஜமா நீ செய்யறது எதுனா சொல்லு.”

அந்த சங்கரன்கோயில் பெண் டீ நேரத்தில் லாக்கருக்கு ஓடுவது ஞாபகம் வந்தது. “டீ நேரத்துக்கு பிள்ளையோட போட்டோ ஒண்ணு அனுப்பலாம்க்கா. தினமும்.”

“அனுப்புவியா?”

“அனுப்புவேன்.”

“அப்ப எழுதறேன். எழுதிட்டா நீ அனுப்பியே ஆவணும்” என்றார். இப்படியாக என் காப்பகத்தின் ஒரு சட்டமே நோட்டீஸிலிருந்து பிறந்தது.

அத்தோடு சரி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான்தான். ஆனால் நான் அதைக் கணவருக்குக் காட்டினேன். “சிசிடிவி இருக்குன்னு போடலியே?” என்றார். கல்லூரித் தோழிகள் குழுவில் போட்டேன். விளையாட்டு வழிக் கல்வி, மூளை வளர்ச்சி, ஆங்கிலப் பாடல்கள் என்று கொட்டியது. நாத்தனாருக்கும் அனுப்பினேன் பாருங்கள், அந்த அளவுக்குப் போய்விட்டேன். “காத்தோட்டமான இடம்னு போடுளா” என்றாள் பாவம். கடைசியில் மாடிப்படி ஏறும்போது எங்கள் வீட்டுக்கார அம்மா வழிமறித்தார். தலைமுறை தலைமுறையாக இங்கே நெல் விளைவித்த குடும்பம், மகன்கள் இரண்டு பேரும் இப்போது ஆலையில்.

“சாமி படம் இல்லாத நோட்டீஸு எவன்மா கையில வாங்குவான்? அதுவும் பூஜ அன்னிக்கி. வல்லக்கோட்டை முருகன் இங்கதான கீறாரு, அவர வெய்யி மேல.”

எல்லாவற்றையும் சேர்த்து மணிமங்கலத்துக்கு அனுப்பினேன். பதில் வராது என்று நினைத்தேன். வந்தது.

“கண்ணு. சரின்னு சொல்றது யாரு?”

“நான்தான்க்கா.”

“இப்ப எத்தினி பேரு கூட நிக்கறாங்க உன் பின்னாடி?”

என் பின்னால் நிஜமாகவே மகள் நின்று முடியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“நான் சொல்றத கேளு. தாளு ரெண்டா மடியுது இல்ல? மடிப்புக்கு மேல என்னுது. மடிப்புக்குக் கீழ உன் ஊரு ஒலகம் எல்லாத்தையும் வெச்சிக்கோ, நான் கையே வெக்க மாட்டேன். மேல மட்டும் ஒரு புள்ளி மாத்தக் கூடாது.”

“முருகன்?”

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அவனும் ஆறு பொம்பளைங்க கையில வளந்த புள்ளதான. வரட்டும். மேலயே நிக்கட்டும். கால் எங்க முடியுதோ அங்க என் வரி ஆரம்பிக்கணும். அதுக்குக் கீழ போன் நம்பரு. நடுவுல ஒரு கோலம் கூட வரக் கூடாது.”

அப்படியே அச்சாயிற்று. மேலே முருகன், அவர் காலடியில் ஒரு வரி, எண். மடிப்புக்குக் கீழே நான்: சிசிடிவி, காற்றோட்டம், மூளை வளர்ச்சி, போட்டோ, ஆங்கிலப் பாடல்கள், முதல் பஸ், யானை ஓவியம். ஒரு வரிக்கும் இன்னொன்றுக்கும் மூச்சுவிட இடமில்லை. எனக்கு அந்தக் கீழ்ப்பாதிதான் பாதுகாப்பாக இருந்தது.

ஆயுத பூஜை அன்று மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி ஆலைக்குப் போனோம். அந்த ஒரு நாள் ஆலை கல்யாண வீடு மாதிரி இருக்கும். எந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. வாழைக்கன்று கட்டிய ஃபோர்க்லிஃப்ட். எந்த லைனின் எந்திர வரிசை அழகு என்று போட்டி வேறு. எல்லோரும் பிள்ளைகளிடம் “இதுதான் அப்பாவோட மெஷினு” என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். பூசணிக்காய் உடைத்து முடித்ததும் பைகள் வந்தன. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இந்த இடத்தில் தூண் உதவியது.

பையைத் திறந்தார்கள். தாளை எடுத்தார்கள். முருகனைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த நொடி ஒரு பெண் தாளை மடிப்பில் வைத்து நகத்தால் ஒரு கீறு கீறி, சரக்கென்று இரண்டாகக் கிழித்தாள்.

பக்கத்தில் இருந்தவளும் கிழித்தாள். லைன் முழுக்கச் சரக், சரக் என்று சத்தம். நான் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். கீழ்ப்பாதிகள் கூம்பாகச் சுருண்டன. அவற்றில் சுண்டல் வாங்கிக்கொண்டார்கள். என் மூளை வளர்ச்சியின் மேல் தேங்காய்த் துருவல் விழுந்தது. காற்றோட்டமான இடம் எண்ணெயில் நனைந்து கண்ணாடி மாதிரி ஆயிற்று. ஒரு சின்னப் பையன் சிசிடிவியைத் தின்று முடித்துக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டான்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். சைக்கிள் கண் முன்னால் வந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றபோதுதான் கணவர் என் தோளைத் தட்டினார். அவர் உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. அவரும் அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, மெஷின பாரு” என்றார்.

அந்த வருடம் லைனுக்கு ஒரே ஒரு பெரிய சாமி படம்தான் கொடுத்திருந்தார்கள். தன் எந்திரத்துக்குத் தனியாக ஒரு சாமி வேண்டும் என்று யாருக்குத்தான் இருக்காது. வழவழப்பான தாளில் வண்ண முருகன் கையில் கிடைத்ததும் ஆளாளுக்குக் கிழித்துத் தன் எந்திரத்தின் நெற்றியில் ஒட்டிவிட்டார்கள். ஒட்டி, மூலைக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்கள். அழுத்து எந்திரத்தில் முருகன். துளையிடும் எந்திரத்தில் முருகன். கன்வேயர் முழுக்க, கண் மட்டத்தில், வேலும் மயிலுமாக முருகன். ஒவ்வொரு முருகன் காலடியிலும்: ஊர்ல இருக்கிற பிள்ளையக் கூட்டிட்டு வாங்க.

கேன்டீன் ஓரத்துக்கு ஓடிப்போய் மணிமங்கலத்துக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“அக்கா?”

“கீறேன். ஒக்காந்துட்டேன்” என்றார். “சிமெண்டு கம்பெனிக்காரன் கோடி ரூபா குடுத்தாலும் இந்த எடம் கெடைக்காது கண்ணு.”

ஆனால் அன்று போன் எதுவும் வரவில்லை. விஜயதசமி அன்றும் இல்லை. என் சந்தோஷம் மெல்ல வடிந்தது. முருகனைப் பார்க்கிறவர்கள் காலுக்குக் கீழே படிப்பார்களா? அக்காவிடம் கேட்டேன். “லீவுல மெஷின் முன்னாடி யாரு நிப்பா? பொறு” என்றார்.

லீவு முடிந்து ஆலை திறந்த அன்று வேறொரு சிக்கல் வந்தது. அதைக் கணவர் வந்து நடித்தே காட்டினார். ஆலையில் எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஃபைவ் எஸ் தணிக்கை வரப்போகிறது. எந்திரத்தில் தேவையில்லாத எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. சூப்பர்வைசர் வந்து, பூஜை முடிந்துவிட்டது, எல்லாவற்றையும் எடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

மாவிலையை எடுத்தார்கள். மாலையை எடுத்தார்கள். முருகன் கிட்டே வந்ததும் கை நின்றுவிட்டது.

“நீங்களே எடுத்துருங்க சார்” என்றாளாம் ஒருத்தி.

“நான் எப்டிமா எடுக்கறது? வருஷா வருஷம் சஷ்டி விரதம் இருக்கறவன்.”

“அப்ப நாங்க மட்டும் எடுத்தா கை வெளங்குமா சார்?”

சூப்பர்வைசர் ரொம்ப நேரம் முருகனையே பார்த்தாராம். பிறகு, கிழிசல் ஓரம்தான் அசிங்கமாக இருக்கிறது, தணிக்கையில் அதைத்தான் குறை எழுதுவார்கள் என்று சொல்லி, கத்தரிக்கோலும் டேப்பும் வரவழைத்திருக்கிறார். நான்கு ஓரமும் நேராக வெட்டி, எல்லா எந்திரத்திலும் ஒரே உயரத்தில், டேப்பால் சட்டம் கட்டி ஒட்டிவிட்டார்கள். என் விளம்பரத்தை இவ்வளவு நேர்த்தியாக நான்கூட ஒட்டியிருக்க மாட்டேன். கணவர் சூப்பர்வைசர் மாதிரித் தலையைச் சாய்த்து அளவு பார்த்துக் காட்டியபோது நான் சிரித்துச் சிரித்துப் பாயில் விழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை, டீ நேரம். போன் அடித்தது. எடுப்பதற்குள் இன்னொன்று. அதை வைப்பதற்குள் மற்றொன்று. பத்து நிமிடம், பஸ் நிலையத்தில் நிற்பது போல. பிறகு டீ முடிந்ததும் சத்தமே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி. இப்படியே தினமும் டீக்கு டீ என் போன் துள்ளும். அந்த சங்கரன்கோயில் பெண்ணும் கூப்பிட்டாள்.

“நம்பர் எப்படிக் கிடைச்சுது?” என்றேன். உள்ளே போன் கொண்டுபோக முடியாதே, எந்திரத்தில் ஒட்டியதைப் படம் எடுத்திருக்கவும் முடியாதே என்று எனக்கு ஒரு சந்தேகம்.

“எட்டு மணி நேரம் அவரு மூஞ்சியத்தானக்கா பாத்துட்டு நிக்கோம். நம்பர் மனப்பாடம் ஆயிட்டு. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்” என்றாள். “பஸ் ஸ்டாப்ல எம்மவன் எங்கன்னு கேட்டது நீங்கதான? அப்பமே கேக்கணும்னு நெனச்சேன், எதுக்கு கேக்கீயன்னு.”

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது பிள்ளைகளோடு வருவதாகச் சொன்னார்கள். சொன்னவர்கள் பெயரை வைத்துப் பார்த்தால் கூடம் நிறைந்திருந்தது. ஆனால் சொல்வது வேறு, வருவது வேறு என்று எனக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தீபாவளிக்கு நாங்கள் ஊருக்குப் போகவில்லை. போனால் திரும்பும்போது இடுப்பில் பிள்ளை இருக்குமோ இருக்காதோ என்று ஒரு பயம். நாத்தனார்தான் போன் செய்தாள்.

“அப்பம் பிள்ளைய அனுப்பலியா?”

“இல்ல மைனி” என்றேன். வாழ்க்கையில் தலையாட்டாமல் சொன்ன முதல் இல்லை அதுவாகத்தான் இருக்கும். போனில் தலையாட்டினாலும் தெரியாதுதான்.

“அப்பம் சைக்கிள்?”

“பஸ்ல போட்டு விடுங்க மைனி.”

“சரிளா. நம்ம ஊர்ப் பிள்ள எதும் வந்தா நல்லா பாத்துக்கிடு” என்றாள். சொன்னபடியே சைக்கிளை அனுப்பியும் வைத்தாள்.

தீபாவளி விடுமுறை முடிந்த முதல் நாள், இருட்டு பிரியும் முன்பே கூடத்தில் விளக்கைப் போட்டு வைத்து வாசலில் நின்றேன். ஆயா பாலைக் காய்ச்சிவிட்டு, “யாரும் வரலன்னா இத்தினி பாலையும் நீதாம்மா குடிக்கணும்” என்றார். தெருமுனையில் ஓர் உருவம் தெரிந்தது. தோளில் துண்டு போர்த்திய ஒரு சின்ன மூட்டை. பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் ஓர் அப்பா, ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பால் பாட்டில். தூக்கம் கலையாமல் ஒவ்வொருவராக என் தோளுக்கு மாறினார்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒவ்வோர் ஊரின் வாசனை. பஸ் ஹாரன் அடித்ததும் எல்லோரும் ஓடினார்கள்.

அன்று டீ நேரத்துக்கு போட்டோ எடுத்து அனுப்பியே ஆக வேண்டும். எழுதியாகிவிட்டதே. பதினோரு பிள்ளைகளும் பதினோரு பக்கம் ஓடினால் போட்டோ எப்படி வரும்? எல்லாம் ஆடிப்போய், ஒன்றில் வெறும் கால், ஒன்றில் யானையின் தும்பிக்கை. அப்படியே அனுப்பினேன். யாரும் குறை சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் போன்கள் நிற்கவில்லை. முருகன்தான் எந்திரத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாரே. இடமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பதில் எழுதி, நாலு தடவை அழித்து எழுதி, மணிமங்கலத்துக்கு அனுப்பினேன்: ‘இப்போ இடம் நிறைஞ்சிருக்கு. பக்கத்து வீட்டையும் கேட்டுக்கிட்டு இருக்கோம். கிடைச்சதும் உங்களத்தான் முதல்ல கூப்பிடுவோம்.’ வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

“இதுல எது பொய்யி?” என்று பதில் வந்தது.

“எதுவும் இல்லக்கா. பக்கத்து வீடும் வீட்டுக்கார அம்மாவோடதுதான், கேட்டுட்டேன்.”

“அப்ப எனுக்கு இன்னா வேல? அனுப்பு.”

அந்த வாரம் சங்கரன்கோயில் பெண் ஷிப்ட் முடிந்து மகனைத் தூக்க வந்தாள். அவன் அவளுடைய அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிடித்தால் விட மாட்டான் என்று அவள் சொன்னது நிஜம்தான். பிடிபட்ட நிலையிலேயே கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

“ஒங்க பிள்ள எங்கக்கா?” என்றாள்.

கூடத்தில் எல்லாம் ஒரே கூட்டமாக, ஒரே சத்தமாக இருந்தது. எல்லோர் முகத்திலும் ஒரே பிஸ்கட் தூள். தேடினேன். சிவப்பு சைக்கிளில் யாரோ ஒருவன் ஏறி உட்கார்ந்திருந்தான். அவனைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஒரு பட்டாளம். அந்தப் பட்டாளத்தில் ஒருத்தி, யாருடையதோ சட்டையைப் போட்டுக்கொண்டு, வேறு யாருடையதோ முறுக்கைத் தின்றுகொண்டு.

“இதோ இருக்கா” என்றேன்.